வீட்டில் நான்காவது ஆள்

ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கக்கூடாது என்பது நாகரிக சமுதாயத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதற்கென்று தனியாக ஓர் அலுவலகம் உண்டு. அந்த அலுவலகத்தின் ஆய்வாளர் ஒரு சனிக்கிழமை காலை ஏழாவது மாடிக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தியபோது, உள்ளே ஒரு பெண்குரல், "குளிச்சாச்சு, பாலும் குடிச்சாச்சு, இனிமே சமத்தா உக்காரணும்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது.

அது மூன்று பேருக்கு அனுமதிக்கப்பட்ட வீடு. பல் மருத்துவரான மனைவி, தோளில் பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்த கணவர், வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் மனைவியின் தம்பி. மூவரும் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். ஆய்வாளர் இரண்டு முறை எண்ணினார்.

"குளிச்சுப் பால் குடிச்சவர் எங்கே?"

மனைவி அலமாரியின் நடுத்தட்டைக் காட்டினார். அங்கே கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைக் கண்ணன், தலை துவட்டப்பட்டு, மஞ்சள் பட்டு உடுத்தி, சிரித்தபடி சமத்தாக உட்கார்ந்திருந்தான்.

ஆய்வாளர் புத்திசாலி. பார்த்ததுமே அது சிலை என்று புரிந்துகொண்டார். தனக்குப் புரிந்ததால் விதி மாறிவிடாது என்பதையும் புரிந்தவர். அதனால்தான் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

"தினமும் குளிப்பாரா?"

"ஆமா சார்."

"சாப்பாடு?"

"எங்களுக்கு முன்னாடி."

"தூக்கம்?"

"அவனைத் தூங்க வச்சுட்டுத்தான் நான் படுப்பேன்."

"ஒரு கூரையின் கீழ் குளித்து, உண்டு, உறங்குபவர் குடியிருப்பவர் ஆவார்" என்று ஆய்வாளர் விதியை ஒப்பித்தார்.

"சார், அது பித்தளை!" என்றார் கணவர்.

"உலோகத்துக்கு விலக்கு அளிக்கப்படவில்லை."

"மூச்சே விடாது சார்!"

"மூச்சைப் பற்றி விதியில் குறிப்பு எதுவும் இல்லை. வயது?"

"ஐயாயிரம் இருக்கும்" என்றார் மனைவி. "ஆனா குழந்தை."

"பள்ளிக்கூடம் போகிறாரா?"

"அவன் போர்க்களத்துலயே பாடம் எடுத்தவன் சார்" என்றான் தம்பி பெருமையாக.

"ஆசிரியர். அப்படியானால் சிறுவர் சலுகை கிடையாது."

கணவருக்கு வியர்த்தது. அவர் நவீன மனிதர். வீட்டுக்கு வரும் அலுவலக நண்பர்களிடம் அந்தத் தட்டை 'ஹெரிடேஜ் கார்னர்' என்று அறிமுகப்படுத்துபவர். கையில் ருத்திராட்சம் கட்டியிருந்தார். யாராவது கேட்டால், ரத்த அழுத்தத்துக்கு என்பார்.

"நாங்க ஹிந்துதான் சார். ஆனா கலாசார ரீதியா."

"கலாசார ரீதியாக இருப்பவர்கள் எங்கே தூங்குவார்கள்?"

கணவர் தோள்பையை இறக்கி வைத்தார்.

ஆய்வாளர் குரலைத் தணித்தார். "நாலு பேர்னா அனுமதி ரத்து. வீட்டைக் காலி பண்ணணும். ஒரே ஒரு வழி இருக்கு. அது வெறும் அலங்காரப் பொருள்னு அம்மா வாயால சொல்லட்டும். நான் ஒரு டீ குடிச்சுட்டுப் போயிடறேன்."

"சொல்லிடும்மா, ஒரு வார்த்தைதானே!" என்று கெஞ்சினார் கணவர்.

"ஷோபீஸ்னு சொல்லிடுக்கா" என்றான் தம்பி. "சும்மா சொல்றோம்னு அவனுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும்டா. அதான் கஷ்டமே. நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனைக் குளிப்பாட்டறது?" மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எழுதிக்குங்க சார். அவன் இருக்கான்."

கணவர் அக்கம்பக்கத்துக்குக் கேட்காமலிருக்க வாசல் கதவைச் சாத்தினார்.

"ஒருவர் இருப்பது உறுதியானால், மற்றவர்களும் இருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும். அதுவும் விதிதான்" என்றார் ஆய்வாளர்.

தம்பியின் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்த மூன்று காலித் தட்டுகளும் அவனுடையவை. அவன் சிறப்பாகத் தேறினான். மனைவியும் தேறினார். கணவரின் முறை வந்தது.

"குளியல்?"

"ஜிம்ல."

"சாப்பாடு?"

"ஆபீஸ்ல."

"தூக்கம்?"

"வீட்லதான்!" என்றார் கணவர் வெற்றிக் களிப்போடு.

"சாட்சி?"

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது இதற்குள் நிரூபணமாகியிருந்தது. "நான் தூங்கினப்புறம் வருவார், நான் எழுந்திருக்கறதுக்குள்ள எழுந்துடுவார். தூங்கறார்ங்கறது ஒரு நம்பிக்கைதான் சார்."

"நம்பிக்கையை ஆதாரமாக ஏற்க இயலாது" என்று தீர்ப்பளித்தார் ஆய்வாளர். கணவர் நீக்கப்பட்டார். வீட்டில் மறுபடியும் மூன்றே பேர். வீடு பிழைத்தது.

"அப்ப நான் எங்க சார் போறது?"

"விருந்தாளியாத் தங்கலாம். குடியிருக்கிற மூணு பேரும் சம்மதிக்கணும்."

"எனக்குச் சம்மதம்" என்றார் மனைவி உடனே. "ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும்."

"ரொம்பச் சாப்பிட்டுடாதீங்க, குடியிருப்பவர் ஆயிடுவீங்க" என்று எச்சரித்தார் ஆய்வாளர்.

"எனக்கும் ஆட்சேபணை இல்லை அத்தான்" என்றான் தம்பி. "சோபா மட்டும் என்னோடது."

மூன்றாவது சம்மதம் பாக்கி இருந்தது. கணவர் அலமாரியைப் பார்த்தார். "அதுகிட்டயா?"

"அவர்கிட்ட" என்று திருத்தினார் ஆய்வாளர்.

கணவர் ஷூவைக் கழற்றினார். ஹெரிடேஜ் கார்னர் முன்னால் போய் நின்றார். கைகள் தாமாகக் குவிந்தன. "கண்ணா, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணன் ஆரம்பத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பதிலே வரலியே சார்" என்றார் கணவர், அழாக்குறையாக.

"பயப்படாதீங்க. பதில் வரலைன்னா பரிசீலனையில இருக்குன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். ஜனங்க எவ்வளவு நம்பிக்கையோட காத்திருக்காங்க!"

இப்படி ஆறுதல் சொன்ன ஆய்வாளர், குனிந்து தன் ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, பல வருடங்களாகப் பரிசீலனையில் இருக்கும் தன் பதவி உயர்வு விஷயமாக, கணவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.