வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நாய் வேண்டாம்

“மாமா, வெள்ளிக்கிழமை நகரமன்றக் கூட்டத்துக்கு நாயைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வரணுமா, இல்ல அப்படியே கூட்டிட்டு வரலாமா?”

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மைக் மாமா, கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கூட்டத்துக்கு எதுக்குய்யா நாய்?”

“நல்லா கேட்டீங்க! நீங்கதானே சொன்னீங்க?”

“நானா?”

“பின்னே நானா? கூட்டத்துக்கு வர்றவங்க நாயோட வரணும்னு காலையில தெருவே பேசிக்கிட்டிருந்துச்சே!”

மைக் மாமா விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார்.

நகரமன்றக் கட்டிடத்தின் மேல்மாடியில், கோடி அறையில்தான் அவருக்கு வேலை. கடற்காற்று மைக்குக்குள் புகுந்து இரைச்சல் போடும் என்பதால் அந்த அறையின் சன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். கனமான திரையும் உண்டு. தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து கண்ணை மூடி, “ஆண்டவனே, என் வாயிலிருந்து யாரையும் நோகடிக்கிற சொல் வராமப் பாத்துக்கோ” என்று வேண்டிக்கொள்வார். பிறகு விசையை அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். அவர் வாசிக்கத் தொடங்குவார்.

கடல் அமைதியா, சீற்றமா. எந்தத் தெருவில் தண்ணீர் வராது. நகரமன்றத்தில் அடுத்து என்ன பேசப்போகிறார்கள். யார் தொலைத்த குடை அலுவலகத்தில் காத்திருக்கிறது என எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குப் போகும். கடற்கரைச் சாலையிலும் துறைமுகத்திலும் சந்தையிலும் கம்பங்களின் உச்சியில் ஒலிபெருக்கிகள் இருந்தன.

அன்று காலை அவர் வாசித்தவை மூன்றே செய்திகள். வெள்ளிக்கிழமை காலை நகரமன்றக் கூட்டம், பொதுமக்களும் வந்து பேசலாம். அதே நேரத்தில் மீன் ஏலக்கூடத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி. மறுநாள் கடற்கரையைச் சுத்தம் செய்யும் பணி, வருகிறவர்கள் துடைப்பம் கொண்டு வரவும்.

‘முதல் செய்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மூச்சு விடாமல் படித்துத் தொலைத்துவிட்டேனோ?’ என்று வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டார்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இந்த வாரம் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை மன்றம் பேசப்போவதே அவரைப் பற்றித்தான். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, செய்திகளைக் கைப்பேசியில் மட்டும் அனுப்பலாம் என்று மன்றச் செயலர் எழுதிக் கொடுத்திருந்தார். அது நிறைவேறினால் மைக் மாமா பழைய கோப்பு அறைக்குப் போக வேண்டும். அங்கே சம்பளம் உண்டு, மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. பேசத்தான் ஆளில்லை. சுவரில் ஒரு பல்லி இருப்பதாகக் கேள்வி.

“யாருமே கேக்கறதில்லைய்யா” என்று செயலர் அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார். “சத்தியமா சொல்றேன், என் காதுல விழுந்தே எவ்வளவோ நாளாச்சு. இந்த வாரமாவது தப்பில்லாமப் படிங்க. ஏதாவது குளறுபடி வந்தா, அதையும் சேர்த்துத் தலைவர் அம்மா முன்னால வெச்சிடுவேன்.”

வீட்டில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, காலையில நான் படிச்சதைக் கேட்டியா?”

“கேட்காம இருப்பேனா?”

“நாயைப் பத்தி என்ன சொன்னேன்?”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். “இருங்க, பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

“உன் காதுக்கு என்ன ஆச்சு?”

“ஒரு காதுக்கு ரெண்டு காது சாட்சி இருந்தா நல்லதுதானே!” என்று எழுந்து போனவள், சிரித்தபடி திரும்பி வந்தாள். “கூட்டத்துக்கு நாய் கட்டாயமாம். நாய் இல்லாதவங்க பக்கத்து வீட்டு நாயைக் கடன் வாங்கிட்டு வரலாமாம்.”

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நிறுத்தி நிதானமாகத் திருத்தம் வாசித்தார். “கூட்டத்துக்கு நாய் வேண்டாம். ஊசி நாய்களுக்கு மட்டும்தான். கூட்டம் மன்றத்தில். ஊசி ஏலக்கூடத்தில்.” அவர் வாசித்து முடிக்கும்வரை அலுவலகத்தில் தேநீர் கொண்டு தரும் டீ அக்கா கோப்பையோடு மூச்சுக்கூட விடாமல் ஓரமாக நின்றாள்.

“அக்கா, இப்ப தெளிவா இருந்துச்சா?”

“கண்ணாடி மாதிரி இருந்துச்சு மாமா! வரேன், எனக்கு வேலை கிடக்கு” என்று அவள் படியிறங்கி ஓடினாள்.

மாலையில் பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவரை வழிமறித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“தம்பி, கூட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் ஊசி போடறாங்களாமே? எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேருந்தே ஆகாது. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டிருக்கும்போது போடச் சொல்வியா?”

“ஊசி நாய்க்குங்க சார்!”

“அது நேத்து. நாய் வேண்டாம்னு இன்னிக்கு நீதான் சொல்லிட்டியே. மருந்து வீணாப் போகக்கூடாதுன்னு மனுஷங்களுக்குப் போடறாங்களாம்.”

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பார்கள். தவளையாவது ஒருமுறைதான் கெட்டது. மாமா தினம் தினம் கெட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ஒவ்வொரு சொல்லையும் அரிசியில் கல் பொறுக்குகிறவர் போலப் பொறுக்கி வாசித்தார். மனிதர்களுக்கு ஊசி கிடையவே கிடையாது, யாரும் பயப்பட வேண்டாம் என்றார். சனிக்கிழமைக்கு மட்டும் துடைப்பத்தோடு வரவும் என்று அழுத்திச் சொன்னார்.

மாலையில் பழக்கடைக்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல வேளை ஊசியை நிறுத்தினே, நீ நல்லாருக்கணும்! ஆனா கூட்டத்துல பேசறவங்க கையில துடைப்பம் இருக்கணும்னு எதுக்குச் சட்டம் போட்டாங்க? வீட்ல இருக்கறது பழசு. அதை எடுத்துட்டு வந்தா மரியாதையா இருக்குமா?”

மாமா கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

“ஊர் வாயை மூட உலைமூடி ஏது?” என்றாள் மனைவி. “நீங்க சரியாத்தான் படிக்கறீங்க. போய்ச் சேர்றதுக்குள்ள கை கால் முளைச்சுக்குது.”

“மைக்ல சொன்னதுக்கு எப்படிம்மா கை கால் முளைக்கும்? என் நாக்குல கோளாறு. வயசாயிடுச்சு. செயலர் சொல்றதுதான் நியாயம்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தட்டை அவர் முன் நகர்த்தி வைத்து, “சாப்பிடுங்க, ஆறிடும்” என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை அவர் காகிதத்தையே எடுக்கவில்லை. திருத்தத்துக்குத் திருத்தம் போட்டு எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்துவிட்டது. வழக்கத்தைவிட நீளமாகக் கண்ணை மூடியிருந்துவிட்டு, ஒரே ஒரு சேதி சொன்னார்: “நாளைக்குக் கூட்டம். வர முடிஞ்சவங்க வாங்க. கையில ஒண்ணும் வேண்டாம்.” கடைசியில் தொண்டை லேசாக அடைத்தது. டீ அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோக்காரர் அவரை வீட்டு வாசலிலேயே பிடித்து ஏற்றிக்கொண்டார்.

“மாமா, காசெல்லாம் வேணாம். நேத்து மைக்ல தேம்பித் தேம்பி அழுதீங்களாமே! நாங்க எதுக்கு இருக்கோம்? ஊரே கிளம்பிடுச்சு.”

“நான் எங்கேய்யா அழுதேன்?”

“அழுகையை ஒத்துக்கறதுல என்ன மாமா வெட்கம்?”

நகரமன்ற வாசலில் கால் வைக்க இடமில்லை. குளித்த நாய்கள், குளிக்காத நாய்கள், கடன் வாங்கிய நாய்கள், கடன் கொடுத்தவரைப் பார்த்துக் குரைக்கும் நாய்கள். மீனவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பழக்கடைக்காரம்மா புதுத் துடைப்பத்தை ரோஜாச் செடி போல இடுப்பில் அணைத்திருந்தாள். கணக்கு வாத்தியார், எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே செயலரின் நாற்காலியில் ஒரு குட்டி நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப மனமில்லாமலோ தைரியமில்லாமலோ செயலர் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன இது?” என்றார் தலைவர் அம்மா.

“குளறுபடி” என்றார் செயலர், மாமாவைக் கையால் காட்டி. “நான்தான் எழுதியிருந்தேனே!”

மைக் மாமா எழுந்தார். பொய் சொல்லித் தப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. உண்மையைச் சொல்கிறவனைக் கடவுள் நடுவழியில் விடமாட்டார் என்று நம்புகிறவர்.

“தலைவர் அம்மா, தப்பு இவங்க மேல இல்ல. நான் படிச்சதுதான் குழப்பம். மூணு நாளாத் திருத்திப் பார்த்தேன், இன்னும் கெட்டுப்போச்சு. மைக்கை நிறுத்திடுங்க, நான் கோப்பு அறைக்குப் போயிடறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இவங்க வேலையை விட்டுட்டு, நாயைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அந்த ஊசியை மட்டும் இங்கேயே போடச் சொல்லுங்க. சும்மா திருப்பி அனுப்ப வேண்டாம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கால்நடை மருத்துவர் மருந்துப் பெட்டியோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

“ஏலக்கூடத்துல தனியா உக்காந்து மீன் வாசனை பிடிச்சிட்டிருக்கேன், ஒரு நாயைக் காணோம்! இங்க மாநாடே நடக்குதா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் அம்மாவும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் செயலரைப் பார்த்தார்.

“செயலரே, யாருமே கேக்கறதில்லைன்னு எழுதினது நீங்கதானே?”

“அது... வந்து...”

“இந்த மன்றத்துல இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன். நம்ம சொல்றதைக் கேக்க காலி நாற்காலிதான் வரும். இன்னிக்கு நாய்கூட வந்திருக்கு! ஒலிபெருக்கி தொடரணும்கிறவங்க கையைத் தூக்குங்க.”

உறுப்பினர்களின் கைகள் உயர்ந்தன. கேட்காமலே கூட்டத்தின் கைகளும் துடைப்பங்களும் உயர்ந்தன. கணக்கு வாத்தியார் ஊசிக்காக மடித்த கையையே தூக்கினார். சத்தத்தில் எல்லா நாய்களும் குரைக்க, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகத் தலைவர் அம்மா அறிவித்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் அழகு. முன்கூடத்தில் நாய்கள் வரிசையில் நிற்க, மருத்துவர் ஊசி போட்டார். பயந்த நாய்களைப் பயப்படாத வாத்தியார் தடவிக் கொடுத்தார், தனக்கு இல்லை என்று தெரிந்த தைரியத்தில். துடைப்பத்தோடு வந்தவர்கள், “கொண்டு வந்ததை ஏன் சும்மா திருப்பி எடுத்துட்டுப் போகணும்?” என்று நேரே கடற்கரைக்குப் போய், சனிக்கிழமை வேலையை அன்றைக்கே முடித்தார்கள். நாற்காலியை இழந்த செயலரும் ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் ஓர் அடி எடுத்து வைத்தால், தப்பான வழியும் எப்படியோ நல்ல இடத்தில்தான் போய் முடிகிறது.

மைக் மாமா கடற்கரைச் சாலையில் மிதந்துகொண்டே நடந்தார். பக்கத்தில் மனைவியும் டீ அக்காவும் வந்தார்கள். ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் லைன்மேன் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். தோளில் புதுக் கம்பிச் சுருள்.

“தம்பி!” என்று மாமா உற்சாகமாகக் கூப்பிட்டார். “மைக் தொடரும்னு தீர்மானம் ஆயிடுச்சு. கேக்கறவங்க அதிகமாயிட்டாங்க, இனிமே கத்த வேண்டியதில்ல. நாளையிலேருந்து சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வை!”

டீ அக்கா பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மனைவி உதட்டில் விரலை வைத்தாள். அதையெல்லாம் பார்க்கத் தெரியாத லைன்மேன், ஏணியின் முதல் படியில் கால் வைத்தபடி சொன்னார்:

“குறைக்கறது இருக்கட்டும் மாமா, முதல்ல சத்தம் வரணுமே! போன புயல்லயே மொத்தக் கம்பியும் அறுந்துபோச்சு. தெரிஞ்சா நீங்க மனசொடிஞ்சு போவீங்கன்னு, டீ அக்கா உங்க அறையில நின்னு கேட்டுட்டு வந்து சொல்ல, இத்தனை மாசமா நாங்கதான் ஆளுக்கொரு தெருவா ஓடி ஓடிச் சொல்லிட்டிருக்கோம்!”