பன்னிரண்டு கிலோ மகளும் ஐந்து வாத்துகளும்

இரண்டரை வயதுக் குழந்தை வாத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், அதைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தின் முன்னால் நிறுத்துவதுதான் உலக வழக்கம். அந்தக் குழந்தைகள் காப்பகம் அப்படியெல்லாம் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளும் நிறுவனம் அல்ல. அதன் வாசலுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் பூங்கா, பூங்காவுக்குள் குளம், குளத்தில் வாத்துகள். இந்த நாற்பதடிப் பயணத்துக்காக ஒன்பது பக்கச் சுற்றறிக்கை ஒன்று பெற்றோருக்கு வந்து சேர்ந்தது. தலைப்பு: 'மழலையர் கணிதக் களப்பயணம்'.

அந்த வருடம் குழந்தை சும்மா விளையாடுவது என்பது வெளியே சொல்லக் கூசும் விஷயமாகியிருந்தது. பல் முளைத்து முடிவதற்குள் கணக்கு முளைத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். எனவே களப்பயணத்துக்கு மூட்டை கட்டுவதே குழந்தைக்குக் கணிதப் பயிற்சி என்று காப்பகம் முடிவு செய்திருந்தது. மூட்டையைக் கட்டப்போவது பெற்றோர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வாலு என்று வீட்டில் அழைக்கப்பட்ட குழந்தையின் அப்பா, பார்சல் அலுவலகத்தில் எடை போடும் எழுத்தர். பத்து கிராம் கூடினால்கூடப் பார்சலைத் திருப்பித் தள்ளிவிடுவார். நோயாளிக்கு மருந்து அனுப்ப ஓடி வந்தவரையே, கனமான கயிற்றை அவிழ்த்துவிட்டு நூலால் கட்டிக்கொண்டு வரும்படி விரட்டியவர். சுற்றறிக்கையை இரண்டு முறை படித்து, எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று மனைவியிடம் மெச்சினார்.

விதி நான்கின்படி ஒவ்வொரு குழந்தையும் மாற்றுடை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், தொப்பி, துண்டு, டயபர் நான்கு, தண்ணீர் பாட்டில், எண்ணிப் பழக இருபது மரக்கட்டைகள் ஆகியவற்றைத் தன் முதுகிலேயே சுமந்து வர வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ இருநூறு கிராம். விதி ஏழின்படி பையின் எடை, குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாலு பதினொரு கிலோ. விதி எட்டின்படி எந்தப் பொருளையும் விடக் கூடாது. இந்த மூன்று விதிகளும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

"பூங்கா எதிர்லதானே இருக்கு. ஞாயித்துக்கிழமை நாமளே கூட்டிட்டுப் போனா என்ன?" என்றாள் மனைவி.

"அது சும்மா போறது. இது களப்பயணம்."

வாலு ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. சாப்பிடும்போது வாத்து, குளிக்கும்போது வாத்து. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"விதியை மாத்த முடியாது சார். வேணும்னா குழந்தையோட எடையைக் கூட்டிப் பாருங்க."

"நாளைக்குள்ளயா மேடம்?"

"போட்டிருக்கிற துணியோடதான் நாங்க நிறுப்போம்," என்று சொல்லி அந்த அம்மா போனை வைத்தார்.

எழுத்தருக்குப் பொறி தட்டியது. பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் குழந்தைமேல் மாட்டினால், பை இளைக்கும், குழந்தை பருக்கும், பைக்கான அனுமதியும் கூடும். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். சரியாக ஒரு கிலோவை இடம் மாற்றினால் குழந்தை பன்னிரண்டு கிலோ, பை ஒரு கிலோ இருநூறு கிராம். கோட்டு முந்நூறு, பூட்ஸ் முந்நூற்றைம்பது, மாற்றுடை இருநூற்றைம்பது, தொப்பி நூறு. பதினைந்து வருட சர்வீஸில் இப்படி ஒரு கணக்கு அவர் கையில் சிக்கியதில்லை.

மறுநாள் வெயில் கொளுத்தியது. வாலு இரண்டு உடைக்குமேல் மழைக்கோட்டும் பூட்ஸும் தொப்பியுமாக, கையை மடக்க முடியாமல் நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாத்து என்றால் எதையும் தாங்கும் குழந்தை அது.

காப்பகக் கூடத்தில் பதினெட்டுக் குழந்தைகளும் பெற்றோரும் தராசுக்கு முன் வரிசையாக நின்றார்கள். எடை கூட வேண்டுமென்று ஒருவர் மகனுக்கு விடிந்ததிலிருந்து தண்ணீராகவே புகட்டியிருந்தார். தராசில் ஏறியதும் அவன் அதை டயபரில் இறக்கிவிட்டான். நனைந்த டயபர் குழந்தையின் எடையில் சேருமா என்ற கேள்வி எழுந்தது. சுற்றறிக்கை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொறுப்பாளர் அம்மா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் கழித்துத் தீர்ப்பு வந்தது: குழந்தையிடமிருந்து வந்தது குழந்தையையே சேரும்.

வாலுவின் முறை வந்தது. குழந்தை பன்னிரண்டு, பை ஒன்று இருநூறு. பொறுப்பாளர் அம்மா எழுந்து நின்று கை குலுக்கினார். கூடமே கைதட்டியது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வையில் ஊறிப்போயிருந்த குழந்தை, "வாத்து," என்று நினைவுபடுத்தியது.

அதற்குள் மணி பதினொன்றேகால். பயண நேரம் பத்திலிருந்து பதினொன்று வரை. பொறுப்பாளர் அம்மா தெளிவாக விளக்கினார். களப்பயணத்தில் மூட்டை கட்டுவதற்குத் தொண்ணூறு மதிப்பெண், பூங்காவுக்குப் பத்து. ஆகவே பயணம் முதல் வகுப்பில் நிறைவேறிவிட்டது. பெற்றோர் மறுபடியும் கைதட்டினார்கள்.

கிளம்புமுன் ஒரு பயிற்சித்தாளை நிரப்பித் தர வேண்டும். 'குளத்தில் நேரில் கண்ட வாத்துகள்: 3 + 2 = ?' எதிரே குளத்திலிருந்து சத்தம் கேட்டது. வாலு அப்பாவின் விரலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தது.

"இரு கண்ணு, இதை முடிச்சிடுவோம். எத்தனை வாத்து பாத்தே?"

"வாத்து இல்ல."

"அஞ்சுன்னு சொல்லு."

"இல்ல."

நான்காவது தடவை கேட்டபோது குழந்தை அழுகையோடு, "அஞ்சு," என்றது. பதினெட்டுக் குழந்தைகளும் ஐந்து என்றே எழுதிக் கொடுத்தன. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பலகை தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி யாரையும் கேட்காமல் மகளைப் பூங்காவுக்குத் தூக்கிப் போனாள். எழுத்தரும் பின்னாலேயே போனார். குளத்தில் இரண்டு வாத்துகள் நீந்தின.

"எத்தனை வாத்துடா செல்லம்?" என்றார்.

வாலு தண்ணீரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, "அஞ்சு," என்றது.

மனைவி குளத்தைக் காட்டினாள். "ரெண்டுதானேங்க இருக்கு."

"குழந்தை சரியாத்தான் சொல்லுது. மூணு குறையுது," என்று எழுத்தர் பேனாவை எடுத்தார்.

திங்கட்கிழமை பூங்கா அலுவலகத்தில் புகார் கொடுத்தார். தீர விசாரித்து, மூன்று வாத்துகள் காணாமல் போனது உண்மைதான் என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது. நேரில் பார்த்த சாட்சிகள் பதினெட்டுப் பேர் இருந்தார்களே.