மாவு மில் ஓடும்போது ஓட வேண்டும்

பேகம்பூர் மனு பாயிடம் தேறாத மென்பொருள் எந்த நாட்டுக்குப் போனாலும் உருப்படாது என்பது என் தீர்மானமான கருத்து. கொஞ்சம் தாமதமாக வந்த கருத்துதான். அதற்கு முன்பு அவரைக் கேலி செய்தே நாலு கட்டுரை எழுதிவிட்டேன்.

மாவு மில்லுக்கு மேல் மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தபடி இலக்கியம் வளர்த்தேன். மற்றதில் பாய், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடித்துக் கொடுப்பார். பட்டா, முதியோர் பென்ஷன், சாக்கடை, தெருநாய், எதுவானாலும் அவருடைய மனுவை அதிகாரிகள் கடைசி வரி வரை படிப்பார்கள். என் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டாரே தேதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மனு அடிக்கும் புரோகிராமை அவரே புத்தகம் பார்த்து எழுதியிருந்தார். அதில் தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் வேலையை மட்டும், வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்தப் புரோகிராம் ஒன்று செய்தது; அதற்கு லைப்ரரி என்று பேர். வாடகைப் பாத்திரக் கடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டுக்காரர் யாரும் அண்டா செய்வதில்லை, எடுத்து வந்து சமைக்கிறார். புரோகிராம் எழுதுகிறவர்களும் அப்படித்தான். இந்தக் கடையில் வாடகை கிடையாது. அண்டாவில் ஓட்டை இருந்தால் யார் வேண்டுமானாலும் அடைக்கலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று அதைச் செய்த வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பாய் அதை நம்பவில்லை.

புதுப் பதிப்புக்கு முன்னால் ஒரு சோதனைப் பதிப்பு விடுவார்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். ஊரே கண்டுகொள்ளாது. பாய் மட்டும் அன்று மனு வேலையை நிறுத்திவிட்டு, தன் ஓட்டைக் கம்ப்யூட்டரை ஜன்னலோர வெயிலுக்கு நகர்த்துவார்.

"என்ன பாய், வடகமா காயப் போடுறீங்க?"

"அவுங்க ஊரு குளிரு, அங்க ஓடிரும். திண்டுக்கல் வெயில்ல ஓடுதான்னு பாக்க வேணாமா?"

இரண்டாவது பரீட்சை, கீழே மிளகாய் அரைக்கும் நேரத்தில். மோட்டார் போட்டதும் மாடியில் விளக்கு மங்கும், மேசை ஆடும், நாங்கள் இருவரும் தும்முவோம். சரியாக அந்த நொடியில் புரோகிராமைத் தட்டுவார்.

"மில்லு ஓடுறப்ப ஓடுனாத்தான் அப்பு, ஓடுதுன்னு அர்த்தம்."

ஒருமுறை மகள் வீட்டுக் கரண்டிலும் பார்த்துவிட வேண்டும் என்று வத்தலக்குண்டு பஸ்ஸில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் கொண்டுபோனார். கண்டக்டர் லக்கேஜ் போடச் சொன்னதற்கு, "லக்கேஜ் இல்ல அப்பு, பரீட்சை எழுதப் போகுது" என்றாராம்.

அப்புறம்தான் அந்தச் சோதனைப் பதிப்பு வந்தது. கூடவே பாயின் கம்ப்யூட்டர் ரகத்தைப் பேர் சொல்லி ஓர் அறிவிப்பு: 'இந்த ரகப் பழைய கம்ப்யூட்டரை இப்போது யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. மறுப்பு வராவிட்டால் ஒரு வாரத்தில் அதற்கான பகுதியை நீக்கிவிடுவோம்.'

பாய் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

"யாரும் இல்லையாம்ல. நான் என்ன மவுத்தா ஆயிட்டேன்?"

"பழைய பதிப்பையே வச்சுக்கங்க பாய். யாரு கேக்கப் போறா?"

"எனக்கு வச்சுக்குவேன். இதே மாதிரிப் பொட்டியோட எந்த ஊர்லயோ ஒருத்தன் உக்காந்திருப்பான்ல. அவனுக்கு யாரு மனு எழுதுவா?"

எழுதினார். நாலு வரி போதும் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்தது ஒரே வடிவம்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. 'மேற்படி கம்ப்யூட்டர் மேற்படி முகவரியில் உயிரோடு இயங்கி வருகிறது என்பதைப் பணிவுடன்...' வெயில், மிளகாய், பஸ் எல்லாம் இணைப்பில். பொது மனு என்றால் கையெழுத்து வேண்டும் என்று மில்காரர், மிளகாய் அரைக்க வந்த பெண்கள் என ஒருவரையும் விடவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் விசாரித்தார்.

"தண்ணிப் பிரச்சனையா பாய்?"

"கம்ப்யூட்டர் பிரச்சனை."

"எதுவா இருந்தா என்ன, குடுங்க."

ஆங்கிலமாக்கும் வேலை எனக்கு. 'மேற்படி'களைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். எல்லாவற்றையும் அனுப்பினேன். என் கையெழுத்தை மட்டும் போடவில்லை. வெளிநாட்டில் எனக்கு இன்னும் இல்லாத பேர் கெட்டுவிடுமாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நீக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனைப் பதிப்பையும் அந்தக் கம்ப்யூட்டரில் யாராவது தவறாமல் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: மாவு மில் சோதனை என்றால் என்ன, தயவுசெய்து விளக்கவும்.

பாய் விளக்கினார், ஆறு பக்கம்.

இப்போது அவர் கண் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருக்கிறார். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் அடுத்த சோதனைப் பதிப்பு வந்தது. கம்ப்யூட்டரை ஜன்னலோரம் நகர்த்தினேன், வெயிலில் தேறியது. ஆனால் சாயங்காலம் வரை மில்லுக்கு யாரும் மிளகாய் கொண்டுவரவில்லை. கடைக்குப் போய் இரண்டு கிலோ வத்தல் வாங்கி வந்து நானே அரைக்கக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"ஓடுது பாய்" என்று போனில் சொன்னேன்.

"மில்லு?"

பதிலுக்குத் தும்மினேன். "அப்பச் சரி" என்றார்.

சோதனை முடிவில் என் முழுப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டில் இரண்டு கிலோ மிளகாய்ப்பொடி இருக்கிறது. அது தீர்வதற்குள் பாய் வந்துவிட்டால் தேவலை.