ஓம் என்றால் கரடி

மூன்று மொழி தெரியும் என்று வேலை விண்ணப்பத்தில் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பொய்யில்லை. ஆனால் பயத்தில் நடுங்கும்போது அந்த மூன்றில் எது வாயில் வரும் என்று யாரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு கிடைத்த கோடைகால வேலை அது. கியூபெக்கின் வடகோடியில், மரமே முளைக்காத இடத்து ஆறு ஒன்றில், கடலிலிருந்து திரும்பி வரும் மீன்களைப் பிடித்து, அளந்து, முதுகில் அடையாள வில்லை குத்தி விடவேண்டும். மீனின் பெயர் ஆர்க்டிக் சார். (தமிழ்நாட்டு நண்பர்கள் எழுந்து நிற்க வேண்டாம். வெறும் மீன்தான்.)

அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

“படிச்சுப்போட்டு மீன் பிடிக்கவோ போறாய்? அதுக்கு இஞ்சை மொன்றியலிலை, பார்க் எக்ஸ்டென்ஷன் மீன்கடையிலை நில்லன். பின்னேரம் வீட்டை வரலாம்.”

பெரிய சண்டைக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது. ஒரே ஒரு கோடை. இடையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால், மறுபேச்சில்லாமல் செப்டெம்பரில் மருந்தாளர் படிப்பில் சேரவேண்டும். ஆயுள் முழுக்க மாத்திரை எண்ணுவதைவிட ஒரு கோடை மீன் எண்ணலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் குழுத் தலைவி மிரேயும், துப்பாக்கி வைத்திருந்த உள்ளூர் இனுயிட் பழங்குடி வேட்டைக்காரரும் ஆற்றின் மேற்பக்கம் வலை பார்க்கப் போயிருந்தார்கள். நான் பலகைக் குடிலில் தனியே இருந்தேன். யன்னலுக்கு நேரே, ஆற்றுக்குள், பிடித்த மீன்களை விட்டுவைக்கும் வலைக்கூண்டு. அதற்குள் ஒரு கறுப்புக் கரடி நின்றது. சனிக்கிழமை மீன்கடையில் அம்மா நிற்பதுபோல, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் தெரிவு செய்துகொண்டிருந்தது.

வோக்கிடோக்கியை அழுத்தினேன். “கூண்டில்... கூண்டில்...” என்பதற்கு மேல் பிரெஞ்சு வரவில்லை.

“கூண்டில் என்ன? கரடியா?” என்றார் மிரேய்.

“ஓம்,” என்றேன். “ஓம், ஓம்.”

(எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு ஓம் என்றால் ஆமாம். பிரெஞ்சுக்காரர் காதில் அதே சத்தம் ‘மனிதன்’. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கரடியைப் பார்க்கும்வரை தெரியும்.)

மிரேய் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன செய்கிறார் என்று கேட்டார். மீன் தின்கிறது என்றேன். பிரெஞ்சில் ஆளுக்கும் கரடிக்கும் ஒரே ‘அவர்’தான், அந்த மொழியும் என்னைக் கைவிட்டது. பச்சையாகவா என்றார். பச்சையாகத்தான் என்றேன்.

“அப்படியானால் ஊர்க்காரர்தான். அவர்களுடைய ஆறு, சாப்பிடட்டும். கோப்பி போட்டுக் கொடு, வருகிறோம்.”

நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். பெரியவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்து வளர்ந்த பிள்ளை, வேறென்ன செய்வேன்?

அவர்கள் வந்து, வேட்டைக்காரர் வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகுதான் கரடி போனது. கூண்டு கிழிந்து கிடந்தது. அந்த வாரம் பிடித்த மீன்களில் பாதி கரடியின் வயிற்றில், பாதி ஆற்றில். உள்ளே கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. கரடியை மனிதன் என்கிறவளை ஆற்றங்கரையில் வைத்திருக்க முடியாது, அடுத்த விமானத்தில் கிளம்பு என்றார் மிரேய். வெள்ளைக் கோட்டு மாட்டி, மருந்துக்கடையில் நிற்கும் என்னை என் கண்ணாலேயே கண்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

“கரடியா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன், என் மொழியில். நாளைக்குக் கரடி வந்தாலும் அந்த மொழிதான் வரும். என்னை அனுப்புவதைவிட, நீங்கள் ஒரு சொல் பழகுவது சுலபம்,” என்றேன். பிரெஞ்சு இப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

என்ன சொல் என்று கேட்டார். கரடி என்றேன். வேட்டைக்காரர்தான் முதலில் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பிறகு மிரேய், தொண்டையைச் செருமுவதுபோல, “கஹடி” என்றார். விமானம் நானில்லாமல் போனது. கூண்டை நானே தைத்து முடித்தேன். விரல்தோல் உரிந்ததுதான் தண்டனை.

இப்போது அந்தக் குழுவை நடத்துவது நான். புதிதாக வருகிறவர்கள் முதலில் பழகும் சொல் கரடி.

கதை அங்கேயே முடிந்திருக்கும், நான் கல்யாணம் கட்டாமல் இருந்திருந்தால். மொன்றியலில் திருமணப் பதிவு. இவரைக் கணவராக ஏற்கிறீர்களா என்று பதிவாளர் பிரெஞ்சில் கேட்டார். பழைய நடுக்கம் வந்தது, பழைய மொழியும் வந்தது.

“ஓம்.”

பின்வரிசையிலிருந்து மிரேய் கத்தினார்: “கஹடி!”

என் கணவருடைய சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று. இன்றும் பின்னேரத்தில் அவர் வந்து வாசல் மணியடித்தால், மீன் வேலையே வேண்டாம் என்ற அதே அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பார்.

“பிள்ளை, கரடி வந்திட்டுது. கோப்பியைப் போடு.”

ஓம் என்கிறேன்.