பாவாவின் இருமல் பற்றி ஒரு முறையீடு

சேசு மரி சூசை துணை

திருத்தணி,
புதன்கிழமை.

அன்புள்ள மருமகன் அருட்தந்தை அமலதாஸ் சாமிக்கு, தாய்மாமன் தைரியநாதன் முழந்தாளிட்டு எழுதுவது. முட்டி வலிப்பதால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முழந்தாளிட்டதாக நினைத்து எழுதுகிறேன். குருவானவர் என்பதால் ‘தாங்கள்’. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன் என்பதால் அடுத்த வரியிலிருந்து ‘நீ’. இங்கே அனைவரும் நலம், என் வயிறு தவிர. அது எரிகிறது. எரிய வைப்பவர் உன்னைப் பெற்ற நைனா, என் அக்கா புருஷன், சின்னப்பன் பாவா.

மணவூர்ப் பக்கம் ரயில்வே கேட்டைத் திறந்து மூடி ஓய்வு பெற்ற மனிதர், தினமும் விடிந்ததும் அன்றைய வாசகத்துக்குச் சிந்தனை என்று நம் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புகிறார். “பத்துக் கட்டளைன்றது நம்ம கேட்டு மாதிரிங்க. மூடினா திட்டுவாங்க. மூடலன்னா திட்டறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்க” என்கிறார். இதற்கு ஊரே கைகூப்புகிறது. கரீமுல்லா பாய் பட்டறையில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். மலைக்குக் காவடி எடுத்தவர்கள்கூடப் பாதிப் படியில் நின்று கேட்டதாகத் தகவல். தகவல் சொன்னவன் நானே.

நானும் பேசி அனுப்பினேன், சாமி. ஈஸ்டர் முடிந்த வாரம். மாதா படம் அழகாக இருக்கிறதென்று உன் அத்தை போன வருஷக் காலண்டரைக் கழற்றவே இல்லை. அதில் அந்தத் தேதி இன்னும் தவக்காலம். அதைப் பார்த்துத் தவக்கால வாசகத்துக்குச் சிந்தனை சொல்லி, பிரியாணி கிண்டிக்கினு இருந்த வீடுகளுக்கெல்லாம் “கறியை விடுங்கள், கண்ணீர் விடுங்கள்” என்று முழங்கிவிட்டேன். கைகூப்பு ஒன்றே ஒன்று. அதுவும் உன் அத்தை கைதவறிப் போட்டது.

அதுகூடப் போகட்டும். இன்றைக்குத் திராட்சைத் தோட்டத்து உவமை. கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த முதலாளி, நான் தாராளமா இருந்தா உனக்கேன் பொறாமை என்று கேட்கிற இடத்தில் பாவா நிறுத்தினார். நிறுத்தி, இருமினார். அரை நிமிஷம். அந்த இருமல் யாருக்கென்று கே.ஜி.கண்டிகை டீக்கடை வரைக்கும் தெரியும். “உன்னைத்தான் சொல்றாரா, மாமா?” என்று கேட்டுக்கினு டீ ஆத்துறான் அங்கே.

ஆகவே, சாமி, குருத்துவ அதிகாரத்தைக் காட்டி உன் நைனாவை வாரத்தில் மூன்று நாளாவது மௌன தியானத்தில் உட்கார வை. அந்த நாட்களை எனக்குக் கொடு. இல்லையென்றால் ஆயருக்கு எழுதுவேன். அவர் அசையாவிட்டால் ரோமாபுரிக்கே எழுதுவேன், தமிழில்.

உன் பூசையில் என்னை நினை. பாவாவையும் நினை, எனக்கு அப்புறமாக. சகல வானதூதரும் உனக்குக் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் தைரியநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. இன்றைக்குப் பாவா பேச்சு வரவில்லை. போனையே பார்த்துக்கினு டீயை ஆறவிட்டேன். அப்புறம் அக்கா கூப்பிட்டாள். “ரெண்டு நாளா அவருக்கு இருமல்டா. நேத்து பாதியில நிறுத்திட்டு இருமினாரே, கேட்டியா? இன்னிக்குக் குரலே இல்ல. உன் தம்பிய வரச்சொல்லு, அவன் பேசட்டும், வாசகம் நிக்கக்கூடாதுன்னு எழுதிக் காட்டறாரு.” மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஆட்டோ வாசலில் நிற்கிறது. மிளகுப் பால் பிளாஸ்க் ஒரு கையில், இந்த வருஷத்துக் காலண்டர் மறு கையில். கைகூப்பு அவருக்கு வந்ததைவிட ஒன்று கூட வந்தால் மட்டும் அதற்கு நான் பொறுப்பில்லை.