உப்பு மாஸ்டரின் வெள்ளைத் திரை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஆகாயத்தை நக்கிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் உப்பு மாஸ்டர்தான். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வடமராட்சிக் கிழக்குக் கரையில், உடுப்புக் காயப்போடும் கொடியில் கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டு, பின்னேரம் ஒவ்வொன்றாக நக்கி, "இண்டைக்குக் காத்திலை உப்புக் கூடிப்போச்சு" என்பார். அவரைத் தூரத்தில் கண்டாலே நான் ஒழுங்கை மாறி வேறு தெருவால் ஓடுவேன். அகப்பட்டால் பாடம் தொடங்கிவிடும்.

"அலை உடையேக்கை பறக்கிற உப்புத்தூள் வெயிலைச் சிதறடிக்குது, தம்பி. கொஞ்ச வெயிலைத் திருப்பி வானத்துக்கே அனுப்புது. இல்லாட்டி பூமி இதைவிடச் சுடும்."

"நேவி அடிக்கிற ஷெல்லையும் திருப்பி அனுப்புமோ, மாஸ்டர்?" என்றான் பக்கத்து வீட்டு அந்தோனி.

அவன் கேட்டது பகிடிக்கு. மாஸ்டருக்கோ அது சோதனைக் கேள்வி. மறுநாளே விடையோடு வந்தார்.

"திருப்பாது. ஆனால் உன்னை மறைக்கும். பின்னேரம் நேவி கடலிலை நிண்டு மேற்கை பாக்கும். சூரியன் நேரை முகத்திலை. இடையிலை உப்புத்தூள் வெள்ளைச் சீலை மாதிரி மினுங்கும். உன்ரை வள்ளம் தெரியாது. காலமை மட்டும் போகாதை. அப்ப சூரியன் உன்ரை முகத்திலை, நீதான் குருடன்."

சண்டைக் காலம், கடலில் மீன்பிடிக்கத் தடை. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்தோனி பின்னேரங்களில் போனான், மீனோடு வந்தான். பிறகென்ன, மாஸ்டர் நாக்கை நீட்டும்வரை கரையில் வள்ளங்கள் காத்து நின்றன. எந்நேரமும் கடலையே பார்க்கிறாரே, உளவாளியோ என்று இயக்கப் பெடியள் விசாரிக்க வந்தார்கள். மாஸ்டர் ஒளிச்சிதறலில் தொடங்கினார். வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்கள்.

ஒருநாள் மாஸ்டர் போகலாம் என்று சொல்லிப் போன அந்தோனி கடலில் நிற்கையில் மேகம் சூரியனை மூடியது. மினுக்கம் போனது. வள்ளம் கறுப்பாகத் தெரிந்தது. சூட்டுச் சத்தம் கரைவரை கேட்டது. உடைந்த பலகைகள்தான் ஒதுங்கின, அவன் ஒதுங்கவில்லை.

சில நாள் கழித்து அந்தோனியின் மனுசி மாஸ்டரிடம் வந்தாள். கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று நாங்கள் வேலியோரம் கூடினோம்.

"மாஸ்டர், பிள்ளையள் பசியிலை கிடக்குதுகள். என்ரை தம்பி கடலுக்கு வெளிக்கிடுறான். இண்டைக்குப் போகலாமோ?"

மாஸ்டர் கண்ணாடியை நக்கினார். வானத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"போகலாம். நானும் வாறன்."

கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலைசுற்றும் மனிதர். முதல் அலையிலேயே சத்தி எடுத்தார். அதன்பிறகு யாருக்குப் போகலாம் என்று சொன்னாலும், அந்த வள்ளத்தில் முதலில் ஏறுபவர் அவர்தான்.

அந்த மனிதர் கரைக்கு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்கியதில்லை.