எங்கடை ஆள்தானே

ஊருக்கெல்லாம் முதலிடம் கொடுத்துவிட்டு வீட்டாரைக் காக்கவைக்கும் ஓர் இனம் உண்டு. அவ்வினத்தின் தலைசிறந்த பிரதிநிதியான யேசுரட்ணமும், நெட்வொர்க் பொறியாளரான அவர் மகள் றூபினியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஹரோவில் தேவாலயப் பங்கு மண்டபத்து மேசைக்கு அடியில் நடந்தது. மண்டபத் தொலைபேசியில் குரல் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. அவர் ரோர்ச் வெளிச்சம் பிடித்தார். பெரும்பாலும் அவள் கண்ணுக்குள்.

மண்டபத்து வயர்கள் எல்லாம் ஒரு பழைய, மெதுவான நெட்வொர்க் சுவிட்சில் வந்து சேர்கின்றன. எது முந்திப் போகலாம் என்று ஒவ்வொரு வயருக்கும் ஓர் எண் கொடுக்கலாம்: ஏழு முதலில், பூச்சியம் கடைசியில். பிரிண்டர் ஒரு நொடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. குரல் பிந்தினால் பேச்சே கெட்டுவிடும். ஆகவே குரலுக்குத்தான் ஏழு. மண்டபப் பொறுப்பாளர் யேசுரட்ணம் என்ன செய்திருந்தார்? கேட்டவர்களுக்கெல்லாம் ஏழு கொடுத்திருந்தார். பிரிண்டருக்கு ஏழு, றஜீனா ரீச்சரின் வகுப்புத் தொலைக்காட்சிக்கு ஏழு, கார் நிறுத்துமிடத்தை இரவுபகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கமராவுக்கும் ஏழு. தொலைபேசிக்குப் பூச்சியம்.

"போனுக்கு ஏனப்பா பூச்சியம்?"

"அதை நான்தானே எடுக்கிறனான். எங்கடை ஆள்தானே பிள்ளை, பொறுக்கும். யாக்கோப்பு அண்ணையின்ரை பிரிண்டரைப் பின்னுக்கு விட ஏலுமே? மனுசன் கோவிக்கும்."

"எல்லாரும் முன்னுக்கு நிண்டா அதுக்குப் பேர் வரிசை இல்லையப்பா."

"இல்லை. மரியாதை."

இவரை உங்களுக்குத் தெரியும். சொந்த மகளின் கலியாணத்தில், பன்னிரண்டு கதிரைகள் உள்ள முன்வரிசையில் நாற்பது பேருக்கு இடம் சொல்லிவைத்துவிட்டு, பெண்ணைப் பெற்றவளைச் சமையலறை வாசலில் இருத்தியவர். சுவிஸிலிருந்து வந்த யாரோ ஒருவரின் மச்சானுக்குத் தன் கட்டிலைக் கொடுத்து, மூன்று மாதம் சோபாவில் படுத்தவர். நெஞ்சு நோவுக்கு டொக்டரிடம் எடுத்த நேரத்தை, இருமலோடு வந்த றஜீனா ரீச்சருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர். ஏன் என்று மகள் கேட்டதற்கு, நெஞ்சு என்னுடையதுதானே, பொறுக்கும் என்றார்.

பொறுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பாடு. விசா கிடைக்காத அவர் தங்கை இம்மாகுலேற் மன்னாரிலிருந்து தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. செத்த வீட்டுக்கும் வர முடியாமல் போனவள். இதையும் விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை. காலையில் றூபினி எடுத்துப் பார்த்தாள். மாமியின் குரல் இடித்த மிளகாய் மாதிரிச் சிதறி வந்தது. சுவிட்சின் எண்களைத் திரையில் திறந்தால், அன்று மேசைக்கு அடியில் அவள் திருத்திய எல்லாவற்றையும் அப்பா மறுநாளே பழையபடி மாற்றியிருந்தார். ஒவ்வொரு வயருக்கும் பெயர் வேறு எழுதியிருந்தார்: 'யாக்கோப்பு அண்ணை, முதல்'. 'ரீச்சர், அதுக்கும் முதல்'. 'பாதர், எல்லாருக்கும் முதல்'. தொலைபேசிக்கு நேரே பெயரே இல்லை.

அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் திரை தெளிவாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பூச்சியமாக்கி, தொலைபேசிக்கு மட்டும் ஏழு போட்டாள். யாக்கோப்பர் வாசலில் தலையை நீட்டி, பூசைத்தாள் அச்சடிக்க வேண்டும் என்றார்.

"காத்திருக்கட்டும், அங்கிள்."

அந்தக் குடும்பத்தில் வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாக்கோப்பர் கோவிக்கவில்லை. தேநீர் குடிக்கப் போனார்.

மத்தியானம் மாமியின் குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல வந்தது. எழுதிவைத்திருந்ததை அவள் வாசிக்கவில்லை.

"அண்ணை, 'ஆரோ வந்திட்டினம், வை, பிறகு எடுக்கிறன்' எண்டு சொன்னனீங்கள். நான் இன்னும் போனுக்குக் கிட்டத்தான் இருக்கிறன்."

மண்டபத்தில் பல பேர் தங்கள் கைத்தொலைபேசியை மெல்ல எடுத்துப் பார்த்தார்கள். நீங்களும் பாருங்கள். இதை வாசிக்கத் தொடங்கியபோது ஓர் அழைப்பு வந்ததே, யார் என்று பார்த்துவிட்டுத்தானே கவிழ்த்து வைத்தீர்கள்?